கவ்வாத்து வெட்டிய பனை

மகன் திலக்ஷனின் துணிப்பையோடு அந்தச் செடியும் கொழும்பிலிருந்து வந்தது. டெங்குக் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அறையில் கூட இருந்த பையன்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஒற்றைத் தண்டில் விசிறியாய் விரிந்த சின்ன அலங்காரப் பனை. "ஜன்னலோரம் வச்சிருப்பான் அம்மா. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துவான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாகலெட்சுமிக்கு மண் காயும்வரை பொறுக்க மனம் வரவில்லை. தினமும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மகன் போனபின் அவள் வாய் திறந்து பேசியது அந்தச் செடியோடுதான். அவள் பேசுவது கேட்கட்டும் என்றே கணவர் அழகன் அடுப்படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

தை மாதக் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக லயத்து வீட்டுக்குள் இறங்கியது. ஓலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளித்தன. அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காலையில் ஓலையைத் தடவியபடி, "இதுவும் போயிருமாங்க?" என்று கேட்டாள்.

அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அழகன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினார். பிழைப்பு முழுக்கத் தேயிலை கவ்வாத்து வெட்டியவர். கிழட்டுச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் பார்ப்பவன் செத்துவிட்டது என்பான். கொஞ்ச நாளில் அந்தக் கட்டையே பொத்துக்கொண்டு தளிர்க்கும். அவர் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, சாய்வாக, ஒரே வெட்டு.

பக்கத்துக் காம்பரா வீரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, சட்டியில வெட்டுனாலும் கணக்கு எழுதுற கண்டாக்கு ஐயா ஒரு நாள் பேரு போட்டுச் சம்பளம் குடுக்குறாரா?"

"போடுவாரு, போடுவாரு. ஒனக்கும் அரைப் பேரு வாங்கித் தாறேன், போ" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் நாகலெட்சுமி கட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க செஞ்சிட்டீங்க?"

"பயப்படாத புள்ள. தளிர்க்கும். நான் வெட்டி எந்தச் செடி செத்திருக்கு?"

அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பிறகு அவரை அரித்தது. விடிந்ததும் எழுந்து கட்டையைத் தடவுவார். தளிர் வரவில்லை. வெட்டுவாய் கறுத்து, தண்டு விரலுக்கு மெத்தென்று அமுங்கத் தொடங்கிய அன்று, சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு கொட்டகலைக்கு பஸ் ஏறினார். மெயின் ரோட்டோரம் பூச்செடி விற்கும் ஜெயந்தினி துணியை விலக்கிப் பார்த்தாள்.

"தலை எங்கங்கய்யா?"

"வெட்டிட்டேன்மா. மஞ்சளாப் போச்சு."

"பனைக்கு நுனியில ஒரே ஒரு குருத்துதான். அது போனா வேற எடத்துல வெடிக்காதுங்கய்யா." அவள் மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். "சொதசொதன்னு இருக்கு. குளிருக்கு மஞ்சளாகத்தான் செய்யும். காத்துப் படாம, வெளிச்சத்துல வச்சுத் தண்ணியக் கொறச்சிருந்தா பொழச்சிருக்கும்." அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இதே மாதிரி ஒண்ணு இருக்கு. தரட்டுங்களா?"

அழகன் அந்தச் செடியை வெகுநேரம் பார்த்தார். பச்சைப்பசேலென்று இருந்தது. "வேணாம்மா" என்று தம் சட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அவர் லயத்துக்குத் திரும்பியபோது நாகலெட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

அழகனுக்குப் பொய் ஒன்று நாக்குவரை வந்தது; அதை விழுங்கிவிட்டார். "செத்துப் போச்சு லெச்சுமி. நான்தான் கொன்னுட்டேன். மஞ்சளாத்தான் இருந்திச்சு. உசிரு இருந்திச்சு."

அவள் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கட்டை இனியும் அவள் கண்ணில் படக்கூடாதென்று அவர் தண்ணீர் ஓடும் கான் ஓரம் போய்ச் சட்டியைச் சாய்த்தார்.

"ஐயோ, கொட்டாதீங்க!" அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "அந்த மண்ணு அவன் கையால போட்டதுங்க."

ஒரு பிடி அதற்குள் சிந்திவிட்டிருந்தது. இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள். புல்லுக்கிடையில் எது மகன் போட்ட மண், எது தோட்டத்து மண் என்று அழகனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நாகலெட்சுமி எல்லாவற்றையும் சேர்த்தே அள்ளினாள்.