டம்ளரில் இருந்தது வேறு தண்ணீர்

இந்தக் காலத்தில் மனுஷனுக்குக் கண்ணும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். பஞ்சாயத்து டிவியில் காட்டினால் போதும், சாணியைக்கூடச் சர்க்கரை என்று நக்குவான். இப்படித் திட்டிக்கொண்டேதான் சுப்பராயன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மருமகள் தேவகி தெருக்கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்திருந்தாள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க அதே தண்ணீரில் ஒரு சொம்பு தனியாக இருந்தது.

தோல் கம்பெனிக் கழிவு இறங்கி, அந்தக் கிணறு டீத்தண்ணி நிறத்தில் கிடந்தது. ஒரு வருஷமாக யாரும் அதை வாயில் வைத்ததில்லை. தேவகி குடத்தோடு ரெண்டு மைல் நடந்து பம்புசெட்டுக்குப் போய்வந்தாள்.

"அதக் கீழ ஊத்தும்மா."

"இன்னா மாமா, நீங்கதான குடிச்சீங்க? ஊரே பாத்துச்சி."

அதுதான் வினையாகிவிட்டது. போன மாதம் கம்பெனிக்காரர்கள் தங்கள் புதுச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தார்கள். முகம் நன்றாயிருக்கிறது என்று சுப்பராயனைப் பிடித்துக் கிணற்றில் வாளி சேந்தச் சொன்னார்கள். பிறகு கேமராவை நிறுத்திவிட்டு, வேனிலிருந்த கேனைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். நேற்று டிவியில் வேனும் இல்லை, கேனும் இல்லை. வாளி மேலே வந்தது; உடனே அவர் குடித்தார்.

"அது வேலூர்லருந்து கேன்ல கொண்டாந்த தண்ணிம்மா."

"டிவியில அப்பிடி காட்டலியே?" என்றாள் பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான். அவள் இடுப்புக் குடமும் சொட்டிக்கொண்டிருந்தது. "கம்பெனியோட எதுனா பேஜார் ஆயிடுச்சாண்ணா? அதான் மாத்திப் பேசறீங்களா?"

"குடிச்ச வாயி என்துதாம்மா!"

"குடிச்சத நாங்களும்தான் பாத்தோம்."

சுப்பராயன் சொம்பை வெளிச்சத்தில் சாய்த்தார். "நெறத்தப் பாரு."

"டிவியில வெள்ளையாத்தான இருந்துச்சி?"

"அந்தப் பொட்டியில எல்லாமே கறுப்பு வெள்ளதான்!"

தேவகி சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு மைல் நடக்கறது நீங்க இல்ல மாமா. காலையிலருந்து புள்ள இதத்தான் குடிக்குது. ஒண்ணும் ஆவல."

சுப்பராயன் குழந்தையைப் பார்த்தார். அதன் உதட்டோரம் பால் காய்ந்திருந்தது. அவர் பம்புசெட்டிலிருந்து தண்ணீர் கொண்டு திரும்புவதற்குள் அது இன்னொரு புட்டி குடித்திருக்கும். இருந்தாலும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கிணற்றடியில் கூட்டம். "நைனா, டிவியில சிரிச்சா மாதிரி ஒரு தபா சிரி!" என்றாள் ஒருத்தி.

காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.