இறக்கப்படாத சிவப்பு

1

இந்தக் கதை பதுளைக்குக் கிட்ட, ஹாலிஎலவில் பஸ்ஸுக்கு நின்றபோது கிடைத்தது. எதிரே ஒரு வெற்று நிலம். வேலை விட்டு வந்த தேயிலைத் தோட்டத்துச் சனம் அதன் குறுக்கே போகவில்லை. ஓரமாகவே நெடுகச் சுற்றிப் போனது. ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டியிருந்திருக்காது.

2

'ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதில், பழைய விமானத் தரையில் ஒரு புதிய வர்த்தக நகரம்—'

(அறிவிப்புப் பலகையின் குரல். விட்டுவிடுகிறேன்.)

பதுளையில் இருந்த கடையை விற்றுவிட்டு, காமில் அங்கே புடவைக்கடை திறந்தான். கீழே கடைகள், மேலே அலுவலகக் கந்தோர்கள், பின்னால் வீடுகள் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் முடிந்தது அவன் கடைதான். ஓடுபாதையின் நட்டநடுவில்.

தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கட்டும் என்று வாசல் கம்பத்தில் சிவப்புச் சீத்தைத் துணி ஒன்றை நீளமாகத் தொங்கவிட்டான். சம்பளத்துக்கு மறுநாள்கூட ஒருவரும் வரவில்லை. சனம் தரையின் விளிம்புவரை வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. இந்தக் கடையும் போனால் எங்கே போவது என்று மனைவி றஷீதா கேட்டாள்.

3

(இங்கே ரெங்கம்மா. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளில்லாமல் எழுதிப் பார்த்தேன். அப்போதும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.)

ஏன் யாரும் உள்ளே வருவதில்லை என்று காமில் அவளிடம் நடந்து போய்க் கேட்டான்.

"செவப்பு தொங்குதுங்களே காமில் நானா. எப்புடி உள்ள வர்றது?"

விமானம் வந்த காலத்துப் பழக்கம் அது. வருகிறதென்றால் கம்பத்தில் சிவப்பு ஏறும்; ஆளோ மாடோ தரையில் கால் வைக்கக் கூடாது. இறங்கி ஓய்ந்ததும் வெள்ளை ஏறும், கடக்கலாம். கடைசியாக ஏறிய சிவப்பை யாரும் மாற்றவில்லை. துணி மழையில் இற்றுப்போயிற்று. கம்பத்தையும் வெட்டிவிட்டார்கள்.

காமிலுக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளையைக் கட்டிவிட்டால் போச்சு என்றான்.

"கட்டலாங்க. ஆனா அது இன்னும் எறங்கலையே."

"எது?"

"யாருக்குச் செவப்பு ஏத்துனாங்களோ, அது."*

* அந்த விமானத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். ஜன்னலோரம் இருந்தவர் என் பக்கம் திரும்பியதாக அதில் ஒரு வரி இருந்தது. அதை எழுதிய நினைவு எனக்கில்லை.

4

வெள்ளை ஏறியது. தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து லயம் லயமாகச் சனம் வந்தது. அந்தச் சாரம் புருஷன் கட்டவா, மாட்டுக்குப் போர்த்தவா என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டினாள். றஷீதாவுக்கு அளந்து மாளவில்லை. காமில் பதுளைக் கடையை மறந்தே போனான்.

ரெங்கம்மா மட்டும் விளிம்பைத் தாண்டவில்லை.

நல்ல வெயில். மலையில் பனி இல்லை. அப்புத்தளைப் பக்கமிருந்து இரைச்சலாக அந்தச் சத்தம்—

5

அது லொறி என்று முடிக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் லொறி வரும் பாதையை இன்னும் போடவில்லை.

காமில் எல்லாரையும் வெளியே விரட்டுகிறான், ஒன்றும் இறங்கவில்லை என்றும் முடிக்கலாம். பிறகு அந்தக் கடைக்கு யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாவதை எழுத மாட்டேன்.

இப்போது காமில் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். வானத்தில் ஒன்றுமில்லை. துணியை நீட்டிப் பிடித்த கையோடு றஷீதா கேட்கிறாள்:

"அளக்கவா, வேணாமா?"

அவனுக்கு நான் பதில் எழுதித் தரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சத்தம் தரைக்குக் கிட்ட வந்துவிட்டது.