கோயமுத்தூரிலிருந்து கோயமுத்தூருக்கு

"கோயமுத்தூர்ல ஏரோப்ளேன் ஏறி, ரெண்டு மணி நேரம் பறந்து, கோயமுத்தூர்லயே எறங்குன ஆளு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தானுங்க" என்று அங்கப்பன் சொன்னபோது, கருமத்தம்பட்டி பேக்கரியில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. தறிப்பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்த நாளிலிருந்து அங்கப்பனுக்கு வாய்தான் தறி. சூலூர்ப் போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து அவிநாசிக்கு வழி கேட்டதாகவும், இவர் கைகாட்டி அனுப்பியதாகவும் போன மாதம்தான் சொல்லியிருந்தார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவருக்கும் குஷி ஏறி, திரும்புகிற வழியில் பைலட் ஓசூரில் டீக்கு நிறுத்தினார் என்று ஒரு முழம் சேர்த்தும் விட்டார்.

ஆனால் நம்ப வேண்டியவள் அந்தப் பேக்கரியில் இல்லை. காங்கேயத்தில் இருந்தாள், அவர் தங்கை வெங்கடலட்சுமி.

அவளுடைய ஒரே மகள் லோகப்பிரியாவுக்குப் பெங்களூரில் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். சொந்தமெல்லாம் முதல் நாளே வேனில் கிளம்பியது. அங்கப்பன் மட்டும் ஏறவில்லை. "ரோட்டுல ஏழு மணி நேரம், ஆகாசத்துல முக்கா மணி நேரம். நாளைக்குக் காலைல நீங்க பல்லு வெளக்கறதுக்குள்ள நான் மண்டபத்துல நிப்பேன்" என்று வேனுக்கு டாட்டா காட்டினார்.

மாலை போடும் நேரத்தில் அவர் மண்டபத்தில் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர்தான் போட்டார். இவர் போனில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் வெங்கடலட்சுமி இடைமறித்தாள். தூங்கிவிட்டேன் என்று சொன்னால் போதாதா, அதற்கு எதற்கு ஒரு விமானக் கதை என்று கேட்டு வைத்தவள், பிறகு போனையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கப்பன் காங்கேயம் பஸ் ஏறினார். வழியெல்லாம் கதையை ஜோடித்தபடியே போனார். இடி, மின்னல், ஒரு பக்கமாகச் சாய்ந்த இறக்கை, அலறிய பயணிகள், அவர்களுக்குத் தைரியம் சொன்ன இவர் என்று எல்லாம் தயாராக இருந்தது.

வாசலில் தங்கை நின்றாள். கோபத்திலும் 'வாங்க'வுக்குக் குறைவில்லை, உட்காரத்தான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் இடியும் மின்னலும் எங்கேயோ போய்விட்டன.

"பனி மூட்டம் அம்மணி. கீழ ஒண்ணுமே தெரீல. சுத்திச் சுத்திப் பாத்துட்டுத் திருப்பீட்டாங்க. மாலை மடியிலயே இருந்துச்சு."

அந்த வெள்ளைக்கு அடியில் எங்கோ மண்டபம் இருந்தது, மேளம் அடித்திருப்பார்கள். ஏழு மணி நேரத் தூரத்தை ஒரு தூக்கம் போடுவதற்குள் தாண்டிப் போனவர், கடைசியில் கீழே இறங்குகிற அந்தக் கொஞ்ச தூரத்தைத் தாண்ட முடியாமல் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எவ்வளவு தூரம் என்று சொல்வது?

"அப்பறம்?" என்றாள்.

"அவ்வளவுதான். நான் வேன்லயே வந்திருக்கோணும்."

வெங்கடலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பொய்யா இருந்தா அந்த ஏரோப்ளேன நீங்கதானுங்கண்ணா ஓட்டியிருப்பீங்க. உக்காருங்க. நெசமாத்தான் நடந்திருக்குது."