குவாரிப் பக்கம் போன பாதை

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற ஆளுக்கு டிராக்டரோடு என்ன சங்காத்தம்? ஒன்றும் கிடையாது. ஆனால் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டால், வீட்டோடு வந்த மாப்பிள்ளையின் தலையில்தான் எல்லாம் விடியும். அப்படித்தான் அவன் அன்றைக்குக் கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு, டிராக்டர் சாமான் விற்கும் கடையின் பின்கட்டில், துருவும் பெயின்டும் மணக்கும் இரும்புகளுக்கு நடுவே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

வந்த காரணம் சின்னதில்லை. மனைவிக்கு நிறைமாதம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் போன வாரம் பரிசோதனைக்கு அழைத்துப்போக வந்த ஆம்புலன்ஸ், மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் சரளைப் பாதையில் பாதி வழியில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர்.

"இதைச் சரி பண்ணுங்க சார். இல்லேன்னா அடுத்த தடவை நான் கீழேயே நின்னுடுவேன். அவங்களை நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

கடைக்காரர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமனார் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அவர் மாப்பிள்ளையா நீங்க! அவரு டிராக்டருக்குப் பின்னால மாட்டற பிளேடை வித்ததே நான்தான். நல்ல மனுஷன். ஆனா சொன்னா கேக்க மாட்டார். அந்த பிளேடு சாய்வா நிக்கும், மண்ணை ஒரு பக்கமா ஒதுக்கித் தள்ளும். போறப்ப ஒரு பக்கம் தள்ளினா, வர்றப்ப திரும்பத் தள்ளிக் கொண்டாரணும். இவரு இறங்கறப்ப மட்டும் பிளேடை இறக்குவாரு. ஏறுறப்ப தூக்கிக்குவாரு. அப்படிப் பண்ணினா ரோடே நகர்ந்து போயிடும்யா, ஒங்களுக்குப் பைத்தியமான்னு நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தேன். சிரிச்சுட்டுப் போயிடுவாரு."

"நகர்ந்துதான் போயிருக்கு" என்றான் மாப்பிள்ளை.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். சங்கிலி வலை ஒன்று இருந்தது. அதை இழுத்தால் மேலே பவுடர் பூசின மாதிரி இருக்கும், அடியில் குழி குழியாகவே கிடக்கும் என்று அவரே உதட்டைப் பிதுக்கினார். இரண்டு கத்தி வைத்த லேண்ட் பிளேன் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடும், கைப்பழக்கம் இல்லாதவர்கூட ஓட்டலாம். மாப்பிள்ளையின் கண் அதிலேயே நின்றது.

"அது நல்ல ரோட்டை நல்லா வெச்சுக்கறதுக்கு. ஓடிப்போன ரோட்டைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்கு பாக்ஸ் பிளேடுதான் வேணும்" என்றார் கடைக்காரர். மூன்று பக்கம் அடைத்த கனத்த இரும்புப் பெட்டி அது. முன்னால் வரிசையாகக் கொத்துப் பற்கள். "இது கிளறும், வாரும், உள்ளேயே வெச்சு இழுத்துட்டு வரும். நீங்க தூக்கற வரைக்கும் விடாது."

அதையே எடுத்துக்கொண்டான். சாயங்காலமே வண்டியில் கொண்டுவந்து டிராக்டரில் மாட்டிக் கொடுத்துவிட்டு, எந்த லீவரை எப்போது இழுக்க வேண்டும் என்று ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டிவிட்டும் போனார்கள்.

கடைக்காரரிடம் சொல்லாத சங்கதி ஒன்று மாப்பிள்ளையின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மாமனார் போன பிறகு அந்த டிராக்டரை யாரும் கிளப்பவில்லை. மழையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் வேலைக்குப் போகும்போது பார்த்தால், குவாரிப் பக்கத்துச் சரளை வரப்பு முந்தின நாளைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இந்தப் பக்கம் கொஞ்சம் வெறும் மண்ணாகியிருக்கும். டிராக்டரின் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். டயர்த் தடம் ஒன்றுகூட இருக்காது. கண் கோளாறு என்று நினைத்துத் தன் கண்ணையே கடையில் பரிசோதித்துக்கொண்டான். கண் கச்சிதமாக இருந்தது, அதுதான் வருத்தம்.

மறுநாள் காலையில் மாமியார் டிராக்டர் நிற்கும் கொட்டகைக்கு வந்து அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதற்கும் ஒரு நொட்டை சொல்லாமல் விடாத மனுஷி அவர். மாப்பிள்ளை சட்டையில் பொத்தான் வைத்தால்கூட நூல் கலர் சரியில்லை என்பார். இன்றைக்கு அந்த வாய் சும்மா இருந்தது.

"இது என்ன பண்ணும் மாப்ள?"

"குவாரிப் பக்கம் போனதை எல்லாம் இந்தப் பக்கம் இழுத்துட்டு வரும் அத்தை. மாமா தெரியாம ஒரே பக்கமா ஓட்டிட்டாரு."

"தெரியாமயா?" என்றார் மாமியார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரின் படியில் உட்கார்ந்தார். "ஒங்க பொண்டாட்டிக்கு ஒரு அக்கா இருந்தாளே, தெரியும்ல?"

தெரியும். உள்ளறைச் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சல் இல்ல. அந்தக் குவாரிப் பள்ளத்துல விழுந்துட்டா. அப்ப ஒங்க பொண்டாட்டி கைக்குழந்தை. ஆளை விட்டுத் தேடினாங்க, தண்ணியை எறைச்சாங்க, ஒண்ணும் கெடைக்கல. ரோடு அப்ப எங்கயோ தள்ளி இருந்துச்சு. ஒங்க மாமா வேலி கட்டினாரு. அப்பறம் ஒரு நாள் அவரே பிரிச்சுப் போட்டாரு. புள்ள வழி தெரியாம நிக்கிறா, ரோடு கண்ணுல பட்டா வந்துடுவான்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சவரு. ரோட்டை சரி பண்றாருன்னு ஊரே நெனச்சுது. அவரு ரோட்டை அவகிட்ட கொண்டுபோயிட்டு இருந்தாரு."

மாப்பிள்ளை திரும்பிப் பாதையைப் பார்த்தான். அந்த மனிதர் வாரம் தவறாமல், வெயிலில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சிரித்தபடி டிராக்டர் ஓட்டியதை அவனே பார்த்திருக்கிறான். கையசைத்தும் இருக்கிறான். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உள்ள படுத்திருக்கிறவதான் முக்கியம். ஆம்புலன்ஸ் வரணும். நான் இழுத்துத்தான் ஆகணும்."

அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தான். மாமியார் அவன் முகத்தையே பார்த்தார்.

"நான் வேணாம்னா சொன்னேன்? இழுத்துட்டு வாங்க மாப்ள. பாதியில விட்டுடாதீங்க. வாசல் வரைக்கும் இழுத்துட்டு வாங்க."

சம்மதம் கிடைத்ததே பெரிய காரியம் என்று அவனும் தலையாட்டினான். அந்தச் சம்மதத்தில் என்ன இருந்தது என்று அப்போது யோசித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

உச்சி வெயிலில் ஆரம்பித்தான். பள்ளத்தின் விளிம்பில் பெட்டியை இறக்கி, குறுக்காக வீட்டைப் பார்த்து இழுத்தான். நன்றாகவே வந்தது. பற்கள் கறகறவென்று கிளற, சரளை பெட்டிக்குள் புரண்டு சேர, பாதையின் நடுவில் மெல்லப் பரப்பிக்கொண்டே போனான். நாலைந்து தடவை போய்வந்ததும் லென்ஸ் தேய்க்கிற கைக்கு இதுவும் ஒரு தேய்ப்புதான் என்று தைரியம் வந்தது. வாயில் ஒரு சீட்டிகூட வந்தது.

கடைசி இழுப்பில்தான் சீட்டி நின்றது. விளிம்பில் பெட்டியை இறக்கியதும் டிராக்டர் திமிறியது. முன்சக்கரங்கள் தரையை விட்டு லேசாக எழும்பி, பிறகு அமர்ந்தன. பாறை மாட்டிவிட்டது என்று திரும்பிப் பார்த்தான். பெட்டிக்குள் பாதிகூடச் சரளை இல்லை. ஆனால் வண்டி, முழுச் சுமை ஏற்றின மாதிரி முனகிக்கொண்டு ஏறியது. பெட்டியைத் தூக்கிவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. தூக்கினால் உள்ளே இருப்பது எதுவோ அது பாதையின் நடுவில் இறங்கி நிற்குமே என்ற பயமும் கூடவே வந்தது. கை லீவர்மேலேயே இருந்தது, இழுக்கத் துணிவில்லை.

மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார். படி வரைக்கும் கொண்டுவந்து பெட்டியைத் தூக்கினான். டிராக்டர் சட்டென்று இலேசானது. தரையில் கிடந்தது ஒரு கூடைச் சரளை. அவ்வளவுதான். அதன் மேல் மட்டும் ஈரம் இருந்தது.

"போதும் மாப்ள. போய்க் கை கால் கழுவுங்க" என்றார் மாமியார். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்து அவன் கேட்டதே இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலைப் பலகாரம் முடிந்த கையோடு மனைவிக்கு வலி எடுத்தது. போன் பண்ணிய கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒரு குலுங்கல் இல்லாமல் வாசலுக்கே வந்து நின்றது. டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கையால் போட்ட பாதையில் தன் மனைவி பிழைத்துப் போகப்போகிறாள் என்ற பெருமையில் இரண்டு ராத்திரியாகப் பயத்தில் தூங்காத களைப்புகூடப் பறந்துபோனது.

அவளைப் படுக்கவைத்து உள்ளே ஏற்றினார்கள். அவள் ஒரு கையால் இவனையும் ஒரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ வரணும். நீ இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமியார் பையோடு ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் ஏறினான். கூட வந்த நர்ஸ் கதவைச் சாத்தப் போனவள், வெளியே பார்த்து நிறுத்தினாள்.

"ரெண்டு பேர் கூட வரலாம், பரவாயில்ல. ஆனா அந்தப் பாப்பாவை ஏத்த முடியாதுங்க. இப்படி நனைஞ்சு போய் வேற நிக்குது. யாராச்சும் இறங்கி அதைப் பார்த்துக்கங்க."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். வெயிலும் படியும் சரளையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி மாமியாரைப் பார்த்தான். அவர் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அங்க யாரும் இல்ல. இவளைப் பாருங்க அத்தை!"

"இவளுக்கு நீங்க இருக்கீங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மாமியார் இறங்கினார்.

நர்ஸ் கதவைச் சாத்தினாள். வண்டி இறங்கத் தொடங்கியது. "அம்மா எங்க? அம்மா ஏன் இறங்கினா?" என்று மனைவி வலியில் புரண்டுகொண்டே கேட்டாள். மாப்பிள்ளை அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். மாமியார் புடவைத் தலைப்பால் காற்றை, ஒரு சின்னத் தலையின் உயரத்தில், அழுத்தி அழுத்தித் துவட்டிக்கொண்டிருந்தார்.