யானைக் கொட்டடியில் ஒரு கூட்டம்

எங்கள் மிருகக்காட்சிச் சாலையின் இயக்குநர் என் கணவரின் அண்ணன். நான் அங்கே மிருக வைத்தியர். ஆபீஸில் எனக்கு அவர் சார், வீட்டில் அத்தான். அவருக்கு நான் ஆபீஸில் "வாங்க டாக்டர்", வீட்டில் "ஏம்மா, அந்தத் தண்ணிய எடு". இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான். அதற்குள் மரியாதையை மாற்றி உடுத்திக்கொள்ள வேண்டும்.

அத்தானுக்கு ஒரு ஆசை. வாசலில் ஒரு பெரிய வளைவு கட்டி, அதன் உச்சியில் தும்பிக்கையைத் தூக்கியபடி ஒரு சிமெண்டு யானையை நிறுத்த வேண்டும். எனக்கும் ஒரு ஆசை. உள்ளே இருக்கிற நிஜ யானைக்குக் கால் வைக்க மண் வேண்டும். அந்த வருடத்துக் காசில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

அந்த நிஜ யானைக்குச் சீமாட்டி என்று பெயர். பெயர்தான் அப்படி. இருப்பதென்னவோ சிமெண்டு முற்றம், சிமெண்டுத் தொட்டி, சிமெண்டுக் கொட்டடி. பிறந்ததும் இங்கேதான், அதனால் காட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கெட்டித் தரையில் நின்று நின்று அவளுடைய உள்ளங்கால் வெடித்து, நகத்தடியில் சீழ் பிடித்திருந்தது. காலையில் மருந்து வாளியோடு நான் போனால் கேட்காமலே காலைத் தூக்கிக் காட்டுவாள். இன்னொரு மழைக்காலத்தை அந்தத் தரையில் கழித்தால் புண் எலும்புவரை போய்விடும். படுத்த யானையை எழுப்ப என்னிடம் மருந்து கிடையாது. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அத்தானுக்கு இறங்கும். ஒருநாள் வீட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு என்னம்மா குறை? நாள் பூரா ஆடிக்கிட்டே இருக்கா. சந்தோஷம் இல்லாமலா ஆடுவா?"

"அது சந்தோஷம் இல்ல அத்தான். நிக்க முடியாம கால மாத்தி மாத்தி வைக்கிறா. செய்ய வேலையும் இல்ல. கதவுத் தாழ்ப்பாளத் தள்ளித் தள்ளிச் சத்தம் கேக்குறதுதான் அவளுக்கு ஒரே விளையாட்டு."

"கெட்டிக்காரி," என்றார் அத்தான், மகள் பரீட்சையில் தேறியதைக் கேட்டதுபோல.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் கைப்பட எழுதிய பலகை ஒன்று வேலியோரம் நின்றது: 'எங்கள் யானை மகிழ்ச்சியில் ஆடும் நடனத்தைக் கண்டு களியுங்கள்.' நான் அதை எடுக்கச் சொல்லாத நாள் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"நீங்க ஒரு பொழுது அந்தக் கொட்டடியில நின்னு பாருங்க," என்றேன்.

"நிக்கிறது என்ன, கமிட்டிக் கூட்டத்தையே அங்க வச்சுக் காட்டுறேன். அவங்களே பார்த்துட்டு வளைவுக்குக் கை தூக்குவாங்க."

அத்தானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ரசத்தை ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "தவளை தன் வாயால கெட்ட கதையா ஆயிடப் போகுது," என்றார். அந்த வீட்டில் வருவதை முன்கூட்டிச் சொல்லும் வேலை அக்காவுடையது. அதைக் காதில் வாங்காத வேலை அத்தானுடையது.

கமிட்டி என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை. ஊருக்குள் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அத்தான், நான். கூட்டத்துக்கு அத்தான் இரண்டு விதிகள் வைத்திருந்தார். எல்லோருடைய போனும் ஆபீஸ் மேஜைமேல் ஒரு கூடைக்குள் போய்விட வேண்டும். கூட்டம் முடிகிறவரை ஊழியர் யாரும் கிட்டே வரக் கூடாது. மீறினவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

போன்களைக் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினோம். பாகன் சீமாட்டியை முற்றத்தின் கோடியில் ஒரு கரும்புக் கட்டைக் காட்டி நிறுத்தியிருந்தார். நாங்கள் கொட்டடிக்குள் போய், அவள் பின்னாலேயே வந்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டோம். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் கம்பிக் கதவு. கை நுழையும், தலை நுழையாது. தாழ்ப்பாள் வெளியே, உள்ளிருந்து தும்பிக்கையே எட்டாத தூரத்தில் இருந்தது. பாகன் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். இறக்கியவர் அத்தான் முறைத்ததைப் பார்த்ததும் இரண்டாம் விதி ஞாபகம் வந்து, அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

கரும்பை முடித்த சீமாட்டி மெல்ல வந்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் திறந்திருந்தது. அவள் விடுவாளா? டங். ஒரே தள்ளு. கொக்கி விழுந்தது. தள்ளத்தான் அவளுக்குத் தெரியும், கொக்கியைத் தூக்கத் தெரியாது.

நான் இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று அக்கா இன்றுவரை நம்புகிறார். சத்தியமாக இல்லை. பேச வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனதில் தாழ்ப்பாளை மறந்தே போனேன்.

"கூப்பிடுங்க யாரையாவது," என்றார் முதலாளி.

"யாரும் சத்தம் போடக் கூடாது," என்றார் அத்தான். முற்றத்துக்கு அப்பால் அகழி, அகழிக்கு அப்பால் வேலி, வேலியில் பார்வையாளர்கள். "இயக்குநர் கூண்டுல மாட்டிக்கிட்டார்னு ஊர் சிரிக்கும். கூட்டம் நடக்குற மாதிரியே இருப்போம். பாகன் எப்படியும் வருவான்."

மானத்தைக் காப்பாற்றப் பேச ஆரம்பித்தோம். நான் கால் புண்ணைப் பற்றிச் சொன்னேன். தலைமையாசிரியை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்: "மனுஷங்களுக்கே நடக்க நடைபாதை இல்லாத ஊர்ல யானைக்கு மண் கொட்டணுமா? எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க வருஷம் பூரா சிமெண்டுலதான் விளையாடுச்சு."

"சாயந்தரம் வீட்டுக்குப் போயிருப்பாங்கல்ல மேடம்?" என்றேன்.

முதலாளிக்கு வேறு கவலை. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. நம்ம யானைக்குச் செலவுதான் இருக்கு. சிமெண்டு யானைன்னா மருந்து வேண்டாம், தீனி வேண்டாம்."

"அதைப் பார்க்க யாரும் டிக்கெட்டும் வாங்க மாட்டாங்க," என்றேன். அத்தான் கனைத்தார். வீட்டில் தண்ணீர் எடுக்கச் சொல்லும் கனைப்பு அது. தண்ணீரும் இல்லை.

வெளியே சீமாட்டி நாற்காலிகளைக் கண்டுபிடித்திருந்தாள். ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொன்றை உருட்டினாள். மூன்றாவதன்மேல் உட்காரப் பார்த்தாள், அதோடு அந்த நாற்காலியின் கதை முடிந்தது. அவள் அப்படி விளையாடி நான் பார்த்ததே இல்லை. அன்று முழுக்க அவள் ஒருமுறைகூட ஆடவில்லை.

உட்கார இடம் இல்லை. தரையெல்லாம் சாணமும் கழுவிய ஈரமும். சுவரில் சாயலாம் என்றால் முதலாளியின் சட்டை வெள்ளை. நேரம் போகப் போகப் பேச்சு வற்றியது. முதலில் முதலாளி உடம்பை இடது காலுக்கு மாற்றினார். பிறகு வலது காலுக்கு. மறுபடி இடது. தலைமையாசிரியை கம்பியோரம் நாலு எட்டு போவார், திரும்புவார், நாலு எட்டு வருவார். அத்தான் நடுவில் நின்று பெண்டுலம்போல அசைந்துகொண்டிருந்தார். எனக்கும் குதிகாலில் இருந்து இடுப்புவரை விண்விண் என்று தெறித்தது. அசைந்தால் கொஞ்சம் தேவலை. அசையாமல் நின்றால் உயிர் போனது.

வேலியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுவயதுத் தம்பதி ஒன்று முன்னால் நின்றது. கணவர் எந்தப் பலகையைக் கண்டாலும் வாசிக்காமல் நகராத ரகம்.

"ஏங்க, இவங்க ஏன் உள்ள நிக்கிறாங்க?" என்று மனைவி கேட்டது நன்றாகக் கேட்டது. சிமெண்டுச் சுவர் ஒரு குண்டூசி ஓசையைக்கூட விடாது.

"ஏதாவது நிகழ்ச்சியா இருக்கும்."

"ஏன் எல்லாரும் இப்படி ஆடுறாங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையிடம் போனார். நிதானமாக வாசித்தார். "மகிழ்ச்சியில ஆடுறாங்களாம்."

"அந்த நடுவுல நிக்கிறவரப் பாருங்க. ரொம்ப சந்தோஷமா இருக்காரு போல."

அத்தான் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. கொஞ்ச நேரம்தான் தாங்கினார். பிறகு அவருடைய இடது கால் தானாக எழும்பியது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, மறுபடி ஆரம்பமாயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாகா," என்று கடைசியில் கத்தினார். வேலியில் யாரோ கைதட்டினார்கள்.

பாகன் கொட்டடியின் பக்கச் சுவரை ஒட்டித்தான் இத்தனை நேரமும் நின்றிருந்திருக்கிறார். கொக்கியைத் தூக்கியபடியே சொன்னார்: "பூட்டியிருக்கிறதப் பார்த்தேன் சார். மீட்டிங் நடக்குது, கிட்ட வரக் கூடாதுன்னுட்டுச் சும்மா இருந்துட்டேன்."

அத்தானே போட்ட விதி, யாரைத் திட்டுவார்?

கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா ஒரு தொட்டியில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்தார். அத்தான் அதில் காலை விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா," என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "அவளுக்கு தினமும் இப்படித்தான் வலிக்குமா?"

"தினமும்தான் அத்தான். இதைவிட அதிகமா. உங்களுக்கு வெந்நி இருக்கு."

அவர் தண்ணீர் ஆறிப்போன பிறகும் காலை எடுக்கவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் கூட்டம் நாற்காலி போட்ட அறையில் நடந்தது. மண்ணுக்கு யார் யார் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தலைமையாசிரியை கை தூக்கினார், மாணவியைப்போல. முதலாளி தூக்கினார். அத்தான் எல்லோருக்கும் கடைசியாக, ஆனால் எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினார். அப்புறம்தான் சங்கடத்தோடு ஒரு சேதி சொன்னார். கூட்டம் எப்படியும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சிமெண்டு யானையை அவர் முன்பே செய்யச் சொல்லிவிட்டாராம். கொடுத்த முன்பணம் அவருடைய கைக்காசாம், அது பாதி முடிந்து நிற்கிறதாம்.

மழைக்கு முன்னால் முற்றத்துத் தரையை உடைத்து மண் கொட்டினோம். ஒரு மேடு, ஒரு சேற்றுக் குட்டை. உருட்ட மரக்கட்டைகள். அவளை விட்ட அன்று சீமாட்டி ஓரத்தில் நின்று ஒரு காலை மட்டும் மண்ணில் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள், கால் புதைந்தது. அப்படியே அசையாமல் நின்றாள். நான் அழுதுவிட்டேன். பாகனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொள்ள நினைத்தேன், அவரும் அதே வேலையில்தான் இருந்தார்.

பிறகு தும்பிக்கை நிறைய மண்ணை வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்று காலமெல்லாம் சொல்கிறோம், எங்கள் யானைக்கு அன்றுதான் அதற்கு மண் கிடைத்தது. அடுத்த வாரல் வேலிக்குள் நின்ற அத்தானின் தலைக்குப் போயிற்று. அவர் தட்டிவிடவில்லை.

தும்பிக்கை முடியாத சிமெண்டு யானையை அந்த முற்றத்திலேயே ஒரு மூலையில் நிறுத்தினோம். சீமாட்டி அதில் முதுகு சொறிந்துகொள்கிறாள். அந்தப் பலகை மட்டும் எடுக்கப்படாமலே நின்றது. ஒருநாள் அத்தானும் நானும் வேலியோரம் போனபோது அன்று பலகையை வாசித்த கணவர் மனைவியோடு மறுபடி வந்திருந்தார். அத்தானை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து நிறுத்தினார்.

"சார், யானை ஆடும்னு இதுல போட்டிருக்கீங்க. இவ்வளவு நேரமா நிக்கிறோம், அது ஆடவே இல்லையே."

அத்தான் பலகையைப் பார்த்தார். முட்டிவரை சேற்றில் நின்றிருந்த சீமாட்டியைப் பார்த்தார். பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்து, வேரோடு பிடுங்குவதுபோல ஆட்டி ஆட்டி எடுத்தார்.

"அது சந்தோஷமா இருக்கு சார்," என்றார். "அதனாலதான் ஆடல."