பெல்ட் இன்னும் வரவில்லை

பெல்ட் பையில்தான் இருந்தது. கறுப்பு ரப்பர், உள்பக்கம் வரிசையாகப் பல். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து மூடும் பெல்ட் அது. கை பழகியவன் ஒரு தேநீர் ஆறுவதற்குள் மாட்டிவிடலாம். ஆனால் வாட்ச்மேன் கேட்டபோது மெக்கானிக் சொன்னது வேறு.

"பெல்ட் இன்னும் வரலண்ணே."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் துணிமூட்டையோடு வாசலில் நுழைந்தார். லிஃப்டில் தொங்கிய 'வேலை நடக்கிறது' பலகையைப் படித்தார். மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்த அதே அம்மாள். அவருடைய மகன்தான் மெக்கானிக்கின் மனைவியைக் குத்திக் கொன்றவன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவன் டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டான். தரமாட்டேன் என்றாள். அவ்வளவுதான்.

"அந்தம்மா எந்த மாடி?"

"தையல்காரம்மாவா? ஆறாவது. மிஷினை மிதிச்சு மிதிச்சு முட்டி ரெண்டும் போச்சு. பாவம், எப்படி ஏறப்போகுதோ."

மெக்கானிக் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். சும்மா வந்தால் சந்தேகம் வரும் என்று கதவு ஓடும் வழித்தடங்களைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், சரியாக இருந்த திருகுகளைக் கழற்றி மறுபடி முடுக்கினான். முதல் மாடிக் கதவைத் திறந்து, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் இறங்கி உட்கார்ந்துகொள்வான். பக்கத்துச் சுவருக்கு அப்பால் படிக்கட்டு. அங்கே யார் நடந்தாலும் காற்றுத்துளை வழியாகக் கேட்கும்.

தையல்காரம்மாவின் நடை அவனுக்கு மனப்பாடமானது. சில படி, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு. கைப்பிடிக் கம்பியில் வளையல் உரசும். மூட்டையைக் கீழே வைக்கும் சத்தம், தூக்கும் சத்தம். நாலாவது மாடியில் மட்டும் நிறுத்தம் நீளும். முதலில் அது இனித்தது. சர்க்கரை இல்லாத ஊரில் இருந்தவனுக்கு வாயில் கற்கண்டு போட்டதுபோல.

அவனைத் தப்பு சொல்லவும் முடியாது. அடக்கத்தன்று கல்லறையருகே போதகர் அவன் தோளைப் பிடித்து, மன்னித்துவிட்டாயா தம்பி என்று கேட்டார். அவன் தலையாட்டினான். அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்கு வெள்ளைத் துணியா என்றார்கள், ஆட்டினான். கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறாயா என்றார்கள், ஆட்டினான். அந்த வரிசையில் மன்னிப்பும் போய்விட்டது. போதகர் கூட்டத்தைப் பார்த்து அதை அறிவித்தார். முன்பின் தெரியாதவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். அதிலிருந்து, சொந்தக்காரன் கையெழுத்துப் போடாமலே விற்றுப்போன வீடு மாதிரி அவன் நடமாடினான்.

வீட்டில் மாமியார் மட்டும்தான். மகள் போனபிறகு அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்புக்கும் மேஜைக்கும் அங்கிருந்தே கை எட்டும். நடப்பதென்றால் குளியலறைக்குப் போவதுதான், அதுவும் அவன் வேலைக்குப் போனபிறகு. மாலை ஜெபத்தில் நமக்குத் தீங்கு செய்த கடனாளிகளை மன்னிக்கும் அந்த வரி வரும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கரகரக்கும். இருமி முடிக்கும்போது வரி கடந்திருக்கும். இதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

பெல்ட் விஷயத்தை அவரிடம்தான் சொன்னான். மாமியார் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"எத்தனாவது மாடி, மாப்பிள்ளை?"

"ஆறு."

இன்னொரு கரண்டி அவன் தட்டில் விழுந்தது. அவரும் அன்று கொஞ்சம் சாப்பிட்டார். அதன்பிறகு தினமும் அவன் செருப்பைக் கழற்றும்போதே ஒரே கேள்வி: இன்னைக்கு ஏறினாளா?

ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிப்போனார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தினம் ஒருமுறை வந்து, எந்தப் படியில் நின்று திட்டினால் சத்தம் நன்றாக ஏறும் என்று கண்டுபிடித்துத் திட்டினார். வாட்ச்மேன் திட்டவில்லை. "உங்க பெல்ட்டு பஸ்ல வருதா, இல்ல பாவம் நடந்தே வருதா?" என்றார். "நடந்து வந்தா வழியில ஒரு தண்ணியாவது வாங்கிக் குடுங்க சார்."

ஒரு மதியம் காலடிச் சத்தம் முதல் மாடியிலேயே நின்றது. மெக்கானிக் பெட்டிமேல் இருந்தான், இடுப்பளவு வெளியே தெரிந்தது. அவனுடைய பை தரையில் வாய் பிளந்து கிடந்தது. தையல்காரம்மா மூட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். பைக்குள் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வந்த அன்னைக்கே உங்களைத் தெரியும் தம்பி. இது இருக்கிறது இப்பத்தான் தெரியும்."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்களுக்கு எப்ப மாட்டத் தோணுதோ அப்ப மாட்டுங்க. அதுவரைக்கும் நான் ஏறுறேன்."

"நான்தான் மன்னிச்சிட்டேனே. போதகர் சொல்லலையா?" அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

"சொன்னாரு. ஜெயிலுக்குப் போய் அவன்கிட்டயும் சொன்னாராம். அவன் நம்பிட்டான். நான் நம்பல. செத்தது என் பொண்ணா இருந்தா நான் மன்னிச்சிருக்க மாட்டேன்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சில படி, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. அவனுக்கென்று இருந்தது இது ஒன்றுதான். அதையும் அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போகிறார். மறுகன்னத்தைக் காட்டு என்று போதகர் சொல்வது இதைத்தானா? கையை ஓங்கியவனுக்கு இப்படி எரியும் என்று அவர் ஒரு பிரசங்கத்திலும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. கீழே போனான், மேலே வந்தான், வாட்ச்மேனிடம் நெருப்புப்பெட்டி கேட்டான். அவனுக்குப் புகைபிடிக்கும் பழக்கம் கிடையாது.

வீடு திரும்பி, உள்ளே போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்தான். அவன் மனைவி கடை மூடி வரும் நேரம் அது. முன்பெல்லாம் தினமும் கேட்ட சத்தம். அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். அவளுக்கு வலது செருப்பு எப்போதும் லேசாக இழுபடும், காலைத் தூக்கி வையேன் என்று கிண்டல் செய்வான், தூக்கினா செருப்புக்கு வலிக்கும் என்பாள். இதெல்லாம் ஞாபகம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினான். சில படி, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு. கம்பியில் வளையல். காதைப் பொத்தினான். உள்ளேயும் அதே முட்டி, அதே மூட்டை. தன் மனைவி ஏறிவந்த படியில் அவளைக் குத்தியவனின் தாய் ஏறிக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்டவன் அவனேதான்.

விடிந்ததும் போய் பெல்ட்டை மாட்டினான். கதவு வெண்ணெய்போல் திறந்து மூடியது. பலகையைக் கழற்றினான். வாட்ச்மேன் கைகூப்பி லிஃப்டையே வணங்கினார்.

தையல்காரம்மா மூட்டையோடு வந்தார். திறந்திருந்த லிஃப்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"லிஃப்ட் ஓடுது" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. பழகிடுச்சு."

"ஏறுங்க."

"எனக்காக நீங்க..."

"உங்களுக்காக இல்ல." கதவு மூட வந்தது. காலை வைத்துத் தடுத்தான். "நீங்க நடக்கிறது எனக்குக் கேக்குது. வீட்டுலயும் கேக்குது. அவ நடந்தது மறந்துபோச்சு. தயவுசெஞ்சு ஏறுங்கம்மா."

அம்மா என்றது வாயில் வந்த பிறகுதான் தெரிந்தது. தையல்காரம்மா உள்ளே வந்து மூலையில் நின்றார். பழுதுபார்த்த லிஃப்டின் முதல் ஓட்டத்தில் மெக்கானிக்கும் கூடப் போகவேண்டும், அது விதி. போனான். இருவரும் ஒளிர்ந்து மாறும் எண்களையே பார்த்தார்கள். நாலாவது மாடி கடக்கும்போது அவர் வழக்கம்போல் ஒரு மூச்சு விட்டார். ஆறில் இறங்கியவர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் பொத்தானை அழுத்திவிட்டான். அதற்குமேல் அவனிடம் எதுவும் இல்லை.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் கேட்டார். "இன்னைக்கு ஏறினாளா?"

"லிஃப்ட்ல போனாங்க."

"பெல்ட்டு?"

"மாட்டிட்டேன்."

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாற எடுத்த கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டார். வீட்டுச் செருப்பில் காலை நுழைத்து, கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். கூடத்தைத் தாண்டி, உள்ளறையை நோக்கி விடுவிடுவென்று நடந்தார். கதவு அறைந்தது.

மெக்கானிக் வெறும் தட்டின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்த நடையில் ஒரு பக்கச் செருப்பு தரையில் இழுபட்டதுபோல் இருந்தது. இழுபட்டதா, அவனாக நினைத்துக்கொண்டானா? வலதா, இடதா? கேட்டுச் சரிபார்க்க முடியாத விஷயம்.

சாப்பாடு பாத்திரத்திலேயே ஆறியது. கதவையே பார்த்துக்கொண்டு, அவர் திரும்பி நடந்து வருவதற்காகக் காத்திருந்தான்.