அழக் கூடாத வீடு

சித்தம்மா உள்ளங்கையால் நாத்தனார் நஞ்சம்மாவின் வாயை இறுக்கிப் பொத்தினாள். பல் பட்டது. கையை எடுக்கவில்லை. முன்னறையில் ஜடையனும் குதிரை லாயத்து ஆட்கள் மூன்று பேரும் அவள் புருஷன் பழனிமுத்துவைக் கம்பளியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளியை விட்டு வெளியே வந்த கால் ஒன்றை ஜடையன் குனிந்து உள்ளே தள்ளினான்.

"வேண்டாமுங்க நங்கையா. தேவு உள்ள முழிச்சுட்டுக் கெடக்கறா," என்று நாத்தனாரின் காதோரம் சொன்னாள்.

நஞ்சம்மாவின் தொண்டையில் ஏதோ ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது. கொல்லைக் கதவு வழியாகவே கொண்டுபோனார்கள். பறை இல்லை, சங்கு இல்லை. ஜடையன் மட்டும் திரும்பிப் பார்த்து, "ஆத்தா கூட்டிட்டுப் போறா தங்கச்சி. மனசக் குளுத்தியா வெச்சுக்க," என்றான். அம்மை கண்ட வீட்டில் செத்துப்போனார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் வேலியைத் தாண்டியபோது சாமுண்டி மலைமேல் வெயில் வந்திருந்தது.

பழனிமுத்து மைசூர் அரண்மனைக் குதிரை லாயத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். கொள்ளேகாலத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, லஷ்கர் மொகல்லாவில் வீடு பிடித்துக் குடியிருந்தான். அம்மை முதலில் அவனுக்குத்தான் கண்டது. மூன்றாம் நாள் ஆறு வயது மகள் தேவம்மாவுக்கும் வந்தது. வாசலில் வேப்பங்கொத்து செருகினார்கள், அடுப்பில் தாளிப்பை நிறுத்தினார்கள். இன்று அவளுக்கு ஒன்பதாம் நாள். முகமெல்லாம் நீர் கோத்து, கண் திறக்க முடியாமல் வேப்பிலைமேல் கிடக்கிறாள். இன்றும் நாளையும் தாண்டினால் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று அம்மன் கோயில் பூசாரி சொல்லியிருந்தார்.

தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா வீட்டை விட்டு இறங்கிப்போவாள். அதுவரைக்கும் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால், எனக்கா இந்த மரியாதை என்று இருக்கிறதையும் எடுத்துக்கொள்வாள். அதனால்தான் புருஷன் போன இரண்டாம் நாழிகையில் சித்தம்மா தலையில் கதம்பமும் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக நின்றாள். பூவை வைத்துவிட்டவள் நஞ்சம்மாதான். வைக்கும்போதே பாதிப் பூ உதிர்ந்தது.

சித்தம்மாவுக்குத் தன்னைப் பற்றிப் பயமில்லை. அவளுக்கு அழுகை சுலபத்தில் வராது. கல்யாணமாகிப் பிறந்தவீட்டை விட்டுக் கிளம்பிய அன்றுகூடக் கண்ணில் ஒரு சொட்டு வராமல் வண்டியேறி, கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கியவள். துக்கம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். காலையிலிருந்து இரண்டு முறை தேய்த்துவிட்டாள். அவளுடைய பயமெல்லாம் நஞ்சம்மாவைப் பற்றித்தான்.

நஞ்சம்மா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் கைம்பெண். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் ஓடும். அவள் போய் உட்கார்ந்து ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகையே வரும். முகம் தெரியாத கிழவனுக்குக்கூட அவனுடைய ஏழு தலைமுறையை இழுத்துவைத்து ஒப்பாரி சொல்வாள். சந்தோஷம் வந்தாலும் அழுவாள். தசரா யானையைப் பார்த்து அழுதவள் என்று தெருவே கேலி செய்யும். அப்பேர்ப்பட்டவள், தாயில்லாமல் தானே இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பிக்கு வாயைத் திறக்கக் கூடாது.

அவள் ஆட்டுக்கல்லின் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சி கொடுத்தாள் சித்தம்மா. ஒரு வாய் வைத்தவுடன் அது மூக்கில் ஏறியது. பிறகு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். ஆட்டத்தோடு சேர்ந்து ஒரு முனகல், வாய் மூடியபடியே. அந்த மெட்டைச் சித்தம்மா நாற்பது சாவு வீடுகளில் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, அத்தை ஏன் மொனகறாங்க?" உள்ளிருந்து தேவு கேட்டாள்.

"பல்லு வலியாமா. நீ தூங்கு."

"அப்பா எங்க?"

"லாயத்துக்குப் போயிருக்காரு."

"ஒடம்பு நல்லாயிருச்சா?"

"ஆயிருச்சு."

சித்தம்மா வெளியே வந்து நாத்தனாரின் தோளைப் பிடித்து அழுத்தினாள். முனகல் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி தொடங்கியது. கெஞ்சினாள், அதட்டினாள், குழந்தைமேல் சத்தியம் வாங்கினாள். "என்னால ஆவல சித்தா," என்றாள் நஞ்சம்மா. "நெஞ்சு வெடிச்சுருமாட்ட இருக்குது. நானா அழுவல. அது தானா வருது." சித்தம்மா அவள் கண்களைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் இவள் கத்திவிடுவாள்.

கொல்லை வேலியருகே பக்கத்து வீட்டு ஜேன் நின்றாள். பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்சு. வேலைக்குக் கிளம்பும் வெள்ளைச் சேலையிலிருந்தாள். காலையில் கம்பளியைத் தூக்கிப்போனதைப் பார்த்திருக்க வேண்டும்.

"சித்தம்மா, வாய்விட்டு அழுதுடுங்க. போன வருஷம் எங்க பையன் போனப்ப மாதா படத்துக்கு முன்னாடி மூணு நாள் கத்தினேன். அப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. அழுதா கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்."

"உங்க மாதா அழுவறவங்களத் தேடி வருவாங்க நர்சம்மா. எங்காத்தாளுக்கு அழுவற வீடே ஆவாதுங்க."

ஜேன் வாதாடும் பெண் இல்லை. "சரி. இத மட்டுமாச்சும் கேளுங்க. இந்த வீட்டு ஆளுங்க வெளிய யார் வீட்டுக்கும் போகாதீங்க. இது சேலையில, கையில ஒட்டிக்கிட்டுப் போகும். அம்மை குத்தாத பச்சக்கொழந்தைங்க பக்கம் போயிடவே போயிடாதீங்க. தாங்காது."

சித்தம்மா தலையாட்டினாள். ஜேன் பொய் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். பூசாரியும் பொய் சொல்லமாட்டார்.

உச்சிவேளைக்குச் சற்று முன்பு தெருவில் குரல் கேட்டது. "நஞ்சக்கா! நஞ்சக்கா இங்க இருக்காங்களா?"

பசம்மா. நஞ்சம்மாவின் தெருக்காரி. மூச்சிரைக்க நின்றாள். "கெம்பையன் தாத்தா போயிட்டாரு, இப்பத்தான். அதான், சாரட்டு வண்டி ஓட்டினாரே. எல்லாரும் அக்காவத்தான் கேக்கறாங்க. அழறதுக்கு ஒருத்திக்கும் வாய் வரமாட்டேங்குது." அப்புறம்தான் வாசலில் இருந்த வேப்பங்கொத்தைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, ஆத்தா இருக்கற வீடா? தெரியாம வந்துட்டேன். வேணாம், வேணாம்."

சித்தம்மா திரும்பிப் பார்த்தாள். ஆட்டுக்கல்லருகே நஞ்சம்மா எழுந்து நின்றிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உள்ளறையில் தேவு இருமினாள்.

"இல்ல பசம்மா, நில்லு," என்றாள் சித்தம்மா. "கொழந்தைக்கு நேத்தே தண்ணி ஊத்தியாச்சு. ஆத்தா எறங்கிட்டா. கொத்த எடுக்கத்தான் மறந்துட்டேன்."

பசம்மா அவள் தலையிலிருந்த பூவையும் குங்குமத்தையும் பார்த்தாள். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. "அண்ணன் நல்லாருக்காரா?"

"அவருக்கும் எறங்கிருச்சு."

ஆத்தா வீட்டுக்குள் இருக்கும்போதே அவள் போய்விட்டாள் என்று சொன்னது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு விழுந்து கும்பிட்டுக்கொள்ளலாம். கொடியில் கிடந்த தன் சேலை ஒன்றை இழுத்து நஞ்சம்மாவிடம் கொடுத்தாள். "இதக் கட்டிட்டுப் போங்க. கையக் கழுவிக்கோங்க. அங்க போயி அழுதுட்டு வாங்க நங்கையா."

நஞ்சம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நன்றியா, பயமா, தெரியவில்லை. பிறகு பசம்மாவுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஓடுகளின்மேலாக அந்தக் குரல் வந்தது. சித்தம்மா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள். முதலில் சொற்கள் பிடிபடவில்லை. காற்று திரும்பியதும் தெளிவாகக் கேட்டது.

"லாயத்துக் குதிரையெல்லாம் வாசலையே பாக்குதய்யா, தண்ணி காட்ட வந்த கையி எந்தத் தெசை போனதய்யா..."

கெம்பையனும் குதிரைக்காரர்தான். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவளைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து பெண்களின் குரல் எழுந்தது. மார்பில் அறையும் சத்தம் கேட்டது. தோளோடு தோள் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். தன் புருஷனுக்குத்தான் இவ்வளவு பேர் அழுகிறார்கள் என்று நினைத்தபோது சித்தம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இது போதும் உங்களுக்கு, இது போதும் என்று மனதுக்குள் அவனிடம் சொன்னாள். அதே மூச்சில் ஆத்தாளிடமும், அது கெம்பையனுக்கு அழுவறது தாயே, நம்ம வீடு இல்லை என்றாள்.

"யாரும்மா அழுவறாங்க?" என்றாள் தேவு.

"எங்கியோ, யாரோ."

பொழுது இறங்குகிற நேரத்தில் குழந்தைக்கு நெற்றி வியர்த்தது. கொதிப்பு குறைந்திருந்தது. ஒரு கண் கீற்றாகத் திறந்தது. "பசிக்குதும்மா," என்றாள். ஒன்பது நாளில் முதல் தடவை. சித்தம்மா அடுப்படிக்கு ஓடி, சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழைத்துவிட்டாள். என் மகள் பிழைத்துவிட்டாள்.

நஞ்சம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தாள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். குரல் அடியோடு போயிருந்தது. முகம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தது. தேவுவை எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சித்தம்மா ராகிக் களியை வட்டிலில் வைத்து மோர் ஊற்றினாள். காலையில் ஒரு வாய் இறங்காதவள் இப்போது உருட்டி உருட்டி விழுங்கினாள்.

"கூட்டமுங்களா?" என்று கேட்டாள் சித்தம்மா.

"நெறைய." கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. "மருமவ அழுவறதுக்கு உக்காந்தவ கைப்புள்ளைய எம்மடியில போட்டுட்டா. கெம்பையனுக்குப் பேத்தி, மூணு மாசமாம். இன்னும் பேருகூட வெக்கிலயாம்."

சித்தம்மாவின் கையிலிருந்த மோர்ச் சொம்பு சரிந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை.

"அத்தன சத்தத்துலயும் அழுவவேயில்ல சித்தா. நான் பாடப்பாட என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் உன்ற சேலத் தலப்ப வாயில வெச்சுச் சப்பிக்கிட்டே தூங்கிருச்சு. கடைசி வரைக்கும் எம்மடியிலதான்."

நஞ்சம்மா வட்டிலை வழித்து நக்கிவிட்டு நீட்டினாள். "இன்னுங்கொஞ்சம் வெய்யி," என்றாள்.

சித்தம்மா அகப்பையில் களியை அள்ளி வட்டிலில் வைத்தாள்.